ரெயூனியன் ஜெரேனியமும் அதன் எண்ணெயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் சேன்-பொல் சந்தையில் ஜெரேனியம் எண்ணெயின் பழுப்பு நிறக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள், மலைப்பக்கம் போய்ச் செடி வாங்கி வருகிறவர்கள், ஊருக்குப் போகும்போது பரிசு தேடுகிறவர்கள் என்று நம்மவர்களிடம் இருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, கீழே பதிலும் தந்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு இடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. ஜெரேனியம் எண்ணெய்னா அந்தப் பூவில இருந்து எடுக்கறதா?

இல்லை. இலையிலிருந்தும் இளந்தண்டிலிருந்தும் எடுப்பது. இலையைக் கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேலெல்லாம் மெல்லிய முடி இருக்கும், சில முடிகளின் நுனியில் குண்டூசித் தலை போல ஒரு சிறு உருண்டை இருக்கும். எண்ணெய் அந்த உருண்டைகளுக்குள்தான் இருக்கிறது. விரல் பட்டாலே அவை உடையும். அதனால்தான் செடியை உரசிக்கொண்டு போனாலே கை மணக்கிறது.

பூ சின்னது, இளஞ்சிவப்பு. மணத்துக்கு அதன் பங்கு மிகக் குறைவு.

2. பால்கனியில சிவப்பா பூக்குற ஜெரேனியமும் இதுவும் ஒண்ணா?

ஒரே பேரினம், வேறு செடி. இரண்டும் பெலார்கோனியம். பால்கனிச் செடியைப் பூவுக்காக வளர்க்கிறார்கள். அதன் இலையைக் கசக்கினால் பச்சை நெடிதான் வரும். எண்ணெய்ச் செடியின் இலை ஆழமாகப் பிளந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். தாவர நூல்கள் இதைப் பெலார்கோனியம் கேபிடேட்டம், பெலார்கோனியம் ரேடென்ஸ் என்ற இரு தென்னாப்பிரிக்கச் செடிகளின் கலப்பு என்கின்றன. குப்பிகளின் மேல் 'பெலார்கோனியம் கிரேவியோலென்ஸ்' என்று போட்டிருப்பது வணிக வழக்கம். அதைப் பார்த்து வேறு சரக்கோ என்று குழம்ப வேண்டாம்.

3. எத்தனையோ நாட்டில விளையுதே, ரெயூனியனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேர்?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலுக்கு ரோஜா மணம் தரும் மலிவான எண்ணெய் தேவைப்பட்டது. இந்தத் தீவில் கரையோரம் முழுக்கக் கரும்பு. நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியதும் அந்தக் கரும்புக்குத்தான். கரும்பு ஏறாத உயரத்தில், மலையைத் திருத்திக் குடியேறிய சிறு விவசாயிகள் ஜெரேனியத்தை வைத்தார்கள். லெ தம்போன் மேடுகள், லெ தெவலாவ், திரோவா-பசேன், மைதோ போகும் வழியில் உள்ள பெத்தித் பிரான்ஸ் என்று மேற்கிலும் தெற்கிலும் அது பரவியது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலகச் சந்தையில் இந்தத் தீவின் எண்ணெய்தான் தரத்துக்கு அளவுகோலாக இருந்தது.

இப்போது உலகத்துக்குப் பெருமளவில் கொடுப்பவை எகிப்தும் சீனாவும். இங்கே விளைவது சொற்பம். ஆனால் பெயர் சும்மா நிற்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து 800 முதல் 1200 மீட்டர் வரை உள்ள சரிவுகளில் இரவு குளிரும், உறைபனி அரிது, எரிமலை மண்ணில் தண்ணீர் தேங்காது. செடி நிதானமாக வளர்கிறது. எண்ணெயில் ரோஜாவும் பச்சை இலையும் புதினாச் சாயலும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கின்றன. மற்ற நாட்டு எண்ணெய்களோடு உள்ள வேறுபாட்டை எண்களோடு கேள்வி 13-இல் காணலாம்.

4. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எவ்வளவு இலை வேணும்? ஏன் இந்த விலை?

பச்சை இலையின் எடையில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் எண்ணெய். அதாவது ஒரு கிலோ எண்ணெய்க்கு 500 முதல் 1000 கிலோ வரை இலையும் தண்டும் வேண்டும். அவ்வளவையும் சரிவில் நின்று அரிவாளால் அறுத்து, சுமந்து, விறகு எரித்துக் காய்ச்சவேண்டும். இயந்திரம் ஏறாத நிலம், பிரெஞ்சுக் கூலி விகிதம், நடுவில் ஒரு புயல் வந்தால் ஒரு அறுவடை போச்சு. விலை அங்கிருந்துதான் வருகிறது. 10 மில்லி குப்பிக்குப் பின்னால் ஏறக்குறைய நாலரை முதல் ஒன்பது கிலோ இலை இருக்கிறது.

5. நாங்க சேன்-தெனியில கடலோரமா இருக்கோம். தொட்டியில வளருமா?

வளரும். மணமும் வரும். மலையில் வரும் அடர்த்தியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டி, அடியில் நல்ல துளை. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு எரிமலைச் சரளையோ கரடுமுரடான மணலோ கலக்கவேண்டும். காலை வெயில் போதும். பிற்பகல் வெயில் கரையோரத்தில் இலையைக் கருக்கிவிடும்.

நடுவதற்குத் தண்டு: பச்சையும் அல்லாமல் முற்றிய கட்டையும் அல்லாமல் நடுத்தரமான கிளையில் 10–12 சென்டிமீட்டர், கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். நுனியில் மூன்று நான்கு இலை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வெட்டிய உடனே மண்ணில் குத்தவேண்டாம். நிழலில் அரை நாள் வைத்தால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும், அழுகல் குறையும். பிறகு இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, ஒருமுறை நன்றாக நனைத்து, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். பிளாஸ்டிக் பை போட்டு மூடாதீர்கள். ரோஜாத் தண்டுக்குச் செய்யும் அந்த வேலை இந்தச் செடியைக் கொல்லும். தொட்டிக்குச் சரியான காலம் புயல் பருவம் ஓய்ந்த ஏப்ரல், மே.

6. விதை போட்டா வருமா?

வராது. இது கலப்பினம், முளைக்கும் விதை பிடிப்பதில்லை. தண்டிலிருந்துதான் பெருக்கவேண்டும். இணையத்தில் 'ரோஸ் ஜெரேனியம் விதை' என்று விற்பதை இந்த எண்ணெய்ச் செடி என்று நம்பி வாங்காதீர்கள்.

7. செடி நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு வாடிப்போச்சு. தண்ணி ஊத்தியும் எழும்பல.

தண்ணீர் ஊற்றியும் எழும்பவில்லை என்பதே ஒரு துப்பு. முதல் சந்தேகம் பாக்டீரியா வாடல். தண்டின் அடிப்பகுதியை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக ஒழுகி இறங்கினால் அந்த நோய்தான். மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், அந்த மண்ணை வேறு தொட்டிக்கு எடுக்காதீர்கள், கத்தியைச் சாராயத்தில் துடையுங்கள். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்குக்கும் இதே பாக்டீரியா வரும். ஆகவே கத்தரி வாடிச் செத்த பாத்தியில் ஜெரேனியம் வைக்கக் கூடாது.

பால் ஒழுகவில்லை, வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று இருக்கிறது என்றால் அது தண்ணீர் தேங்கிய அழுகல். தண்டிலும் இலையிலும் கருத்துக் குழிந்த புள்ளிகள் தெரிந்தால் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை. சூடும் மழையும் சேரும் ஜனவரி, பிப்ரவரியில் இந்தத் தீவின் ஜெரேனியத்துக்குப் பெரிய எதிரி இதுதான். நோய்ப்பட்ட கிளையை நீக்கி, செடிகளுக்கு நடுவே காற்றோட்டம் விட்டு, இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் தப்பிக்கும்.

8. எப்ப அறுக்கணும்னு எப்படித் தெரியும்?

மூக்கும் கண்ணும் போதும். இளம் இலையைக் கசக்கினால் எலுமிச்சை போல அடிக்கும். முதிர முதிர அந்த எலுமிச்சை தணிந்து ரோஜா மேலே வரும். இலையின் கரும்பச்சை லேசாக வெளுக்கத் தொடங்கும். அதுதான் பருவம். அதற்கு மேல் விட்டால் அடி இலை மஞ்சளாகி உதிரும், எடையும் போகும் மணமும் போகும்.

நட்டபின் முதல் அறுவடைக்கு ஆறு மாதம் ஆகும். பிறகு இடத்தைப் பொறுத்து வருடத்துக்கு மூன்று, நான்கு தடவை. வெயில் அடித்த நாளில், இலையில் பனியோ மழையோ இல்லாதபோது அறுக்கவேண்டும். தரையிலிருந்து 15–20 சென்டிமீட்டர் விட்டு, அடியில் கொஞ்சம் இலையும் விட்டு வெட்டுங்கள். மொட்டையாக வெட்டிய செடி பலசமயம் திரும்பத் துளிர்ப்பதில்லை.

9. காய்ச்சுறது எப்படின்னு முழுசா சொல்லுங்க.

அறுத்த இலையைச் சில மணி நேரம் நிழலில் பரப்பி வாடவிடுவது வழக்கம். ஈரம் குறைந்தால் பாத்திரத்தில் அதிகம் கொள்ளும். ஆனால் குவித்து வைக்கக் கூடாது. குவியலுக்குள் கை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் புளிப்பு எண்ணெயில் கடைசிவரை இருக்கும்.

அலம்பிக் என்ற காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தின் அடியில் தண்ணீர், அதற்குமேல் துளையிட்ட தட்டு, தட்டின்மேல் இலை. இலையை மிதித்து ஒரே சீராக அடைக்கவேண்டும். ஒரு பக்கம் தளர்வாக இருந்தால் ஆவி அந்த வழியாகவே ஏறிப்போகும், மறுபக்கத்து இலை வேகாமலே கிடக்கும். காய்ச்சி முடித்துக் கொட்டும்போது நடுவில் பச்சையாகக் கட்டி கிடந்தால் அடைத்தது சரியில்லை என்று பொருள். மூடியின் சந்துகளை அடைத்து அடுப்பு மூட்டவேண்டும். மலையில் விறகு பெரும்பாலும் வாட்டில் மரம், நீலகிரியில் சீகை என்று சொல்லும் அதே மரம். தீ முதலில் நிதானமாக இருக்கட்டும். வேகமாக எரித்தால் தண்ணீர் பொங்கி, இலைச்சாறோடு குழாய்க்குள் ஏறிவிடும்.

ஆவி, குளிர்நீர்த் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் குழாயில் நீராகி, எண்ணெய் பிரியும் கலத்தில் விழும். விழும் நீரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். கையைச் சுட்டால் எண்ணெய் காற்றோடு போகிறது, தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு மில்லி எண்ணெயின் எடை ஏறக்குறைய 0.89 கிராம், அதனால் அது மேலே மிதக்கும். கீழே உள்ள நீர் பக்கக் குழாய் வழியாகத் தானே வழிந்துபோகும்.

ஒரு காய்ச்சல் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். எண்ணெயின் பெரும்பகுதி முதல் ஒரு மணியிலேயே வந்துவிடும். அதைப் பார்த்து அடுப்பை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எடுத்த எண்ணெய் முதலில் பளிச்சென்று மணக்கும், துணியில் நிற்காது. மணத்தைப் பிடித்து வைக்கும் கனமான சேர்மங்கள் பின்னால்தான் வருகின்றன. மறுபக்கம், மணிக்கணக்காக வேகவிட்டால் எண்ணெயில் உள்ள ஃபார்மேட் எஸ்டர்கள் சூட்டிலும் நீரிலும் உடைந்து ஃபார்மிக் அமிலம் உண்டாகிறது. பச்சைப் பழச்சாயல் குறைந்து புளிப்பு ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தத் தெரிந்தவரின் எண்ணெயைத்தான் தேடி வாங்கவேண்டும். வெந்த இலை வீணில்லை, மக்கவைத்து அதே வயலுக்குப் போடுகிறார்கள்.

10. புதுசா காய்ச்சின எண்ணெய் முட்டைக்கோஸ் வேகுற மாதிரி அடிக்குது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அது டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம், வேகும் இலையிலிருந்து வருவது. 37 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள். வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, நிழலில் வைத்து அவ்வப்போது கிளறிவிட்டால் சில நாளில் போய்விடும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் நாற்றம் இருந்தால் காரணம் வேறு: கேள்வி 9-இல் சொன்ன புளித்த இலை, அல்லது அடிப்பிடித்த பாத்திரம்.

எண்ணெய் கலங்கலாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு இரவு அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள்.

11. குக்கரை வெச்சு வீட்டிலயே எடுக்கலாமா?

கணக்கைப் பாருங்கள். ஐந்து லிட்டர் குக்கரில் அடைத்தால் ஒரு கிலோ இலை. கேள்வி 4-இல் சொன்ன விகிதத்தில் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு மில்லி. அதிலும் பாதி குழாய்ச் சுவரில் ஒட்டும், மீதியில் கொஞ்சம் நீரில் கரையும். எண்ணெய்க்காக இதைச் செய்யவேண்டாம், மணநீர் எடுக்கலாம். வெயிட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குழாய் பொருத்தவேண்டும், ஆவி வெளியேறும் வழி ஒருபோதும் அடைபடக் கூடாது. ரப்பர் குழாய் வேண்டாம், எண்ணெய் ரப்பரைக் கரைத்து அதன் நாற்றத்தையும் சேர்த்துக்கொண்டு வரும்.

உண்மையான அலம்பிக் வாங்க நினைத்தால் முதலில் சுங்க அலுவலகத்தில் கேளுங்கள். சாராயம் காய்ச்சவும் உதவும் கருவி என்பதால் பிரெஞ்சுச் சட்டம் அதைக் கண்காணிக்கிறது.

12. ஜெரேனியம் தண்ணி பன்னீருக்குப் பதிலா ஆகுமா?

நன்றாகவே ஆகும். காய்ச்சும்போது எண்ணெயோடு வழியும் நீரில் எண்ணெயின் மணச் சேர்மங்களான ஜெரானியால், சிட்ரோனெல்லால், லினலூல் கொஞ்சம் கரைந்திருக்கும். ரோஜாப் பன்னீரைவிடப் பச்சை வாசனை கூடுதலாக இருக்கும். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பில் ஊற்றித் தெளிக்கலாம், அபிஷேகத்துக்கும் கொடுக்கலாம். எண்ணெயைத் தண்ணீரில் சொட்டிக் குலுக்கித் தெளிப்பது வேறு. எண்ணெய் கரையாமல் துளியாக மிதந்து கண்ணில் பட்டால் எரியும், பட்டில் பட்டால் கறை.

மணநீரில் பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லை. கொதித்த நீரில் கழுவிய குப்பியில் நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம். பஞ்சு போல ஏதாவது மிதந்தால் கொட்டிவிடுங்கள்.

13. குப்பியில 'புர்போன்'னு போட்டிருந்தா இந்தத் தீவு எண்ணெய்தானே?

அப்படி நம்பிவிட முடியாது. புர்போன் என்பது இந்தத் தீவின் பழைய பெயர். ஆனால் வணிகத்தில் அது ஒரு ரகத்தின் பெயராக மாறிவிட்டது. மடகாஸ்கரில் விளைந்த எண்ணெயும் அதே பெயரில் விற்கிறது, அதுவும் நல்ல சரக்காக இருக்கலாம். தீவு எண்ணெய்தான் வேண்டுமென்றால் விளைந்த இடம் ரெயூனியன் என்று தனியாக எழுதியிருக்கிறதா, தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். லெ தம்போனில் உள்ள விவசாயிகளின் எண்ணெய்க் கூட்டுறவான கயேப் மூலமோ, காய்ச்சுகிறவரிடம் நேரிலோ வாங்குவது நல்லது.

ரகங்களின் வேறுபாடு அளவில் தெரியும். புர்போன் எண்ணெயில் சிட்ரோனெல்லால் ஏறக்குறைய 20–25 சதவீதம், ஜெரானியால் 15–18 என்று இரண்டும் நெருங்கி இருக்கும். சீன எண்ணெயில் சிட்ரோனெல்லால் பெரும்பாலும் 35-ஐத் தாண்டும், ஜெரானியால் அதற்கேற்பக் குறையும், மணம் கூர்மையாக எலுமிச்சைப் பக்கம் சாயும். எகிப்து எண்ணெயில் 10-எபி-காமா-யூடெஸ்மால் என்ற சேர்மம் நாலைந்து சதவீதம் இருக்கும். புர்போனில் அந்த இடத்தில் குவாயா-6,9-டையீன் இருக்கும்.

14. கலப்படம்னு வீட்டிலயே கண்டுபிடிக்க முடியுமா?

முரட்டுக் கலப்படத்தை முடியும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். பலகாரம் மடித்த காகிதம் போல எண்ணெய்ப் பசை ஊடுருவித் தெரிந்தால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. மெல்லிய அளவுக் குழாயில் 5 மில்லி தண்ணீரும் 5 மில்லி எண்ணெயும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். பிரிந்து நின்றபின் எண்ணெயின் அளவு தெளிவாகக் குறைந்திருந்தால் சாராயம்.

அடுத்தது மூக்கு. தாள் பட்டையில் தொட்டு மூன்று தடவை முகருங்கள். உடனே: பச்சை இலை, புதினா. அரை மணி கழித்து: ரோஜா, கொஞ்சம் பழம். மாலையில்: காய்ந்த புல் போல மங்கலாக ஏதோ ஒன்று நிற்கவேண்டும். மூன்று தடவையும் ஒரே ரோஜா சோப்பு வாசனை அடித்தால் அது பெரும்பாலும் செயற்கைச் சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும் சேர்த்த கலவை. ஆனால் நல்ல எண்ணெயில் சீன எண்ணெயைப் பாதி கலந்திருந்தால் வீட்டில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குப் பரிசோதனைத் தாள் வேண்டும்.

15. அந்தப் பரிசோதனைத் தாள்ல எதைப் பார்க்கணும்? ஒண்ணுமே புரியல.

அது வாயு நிறவியல் அறிக்கை, அதாவது எண்ணெயில் எந்தச் சேர்மம் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆய்வகப் பட்டியல். நீளப் பட்டியலில் நாலு விஷயம் போதும். முதலில், தாளில் உள்ள தொகுதி எண் உங்கள் குப்பியில் உள்ளதா? இல்லையென்றால் அந்தத் தாள் உங்கள் எண்ணெயைப் பற்றியதல்ல, மேற்கொண்டு படிக்கவேண்டாம். இரண்டாவது, சிட்ரோனெல்லால்–ஜெரானியால் விகிதம், கேள்வி 13-இல் உள்ளபடி. மூன்றாவது, குவாயா-6,9-டையீன் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா, 10-எபி-காமா-யூடெஸ்மால் இல்லாமலோ வெறும் சுவடாகவோ இருக்கிறதா. நாலாவது, செடியில் இல்லாத கரைப்பான்கள்: டைஎத்தில் தாலேட், டைபுரோப்பிலீன் கிளைக்கால். இந்தப் பெயர்கள் தென்பட்டால் திருப்பிக் கொடுங்கள். இந்த எண்ணெய்க்கு ஐ.எஸ்.ஓ. 4731 என்ற பன்னாட்டுத் தரமும் உண்டு, அறிக்கை அதைக் குறிப்பிட்டு ஒப்பிட்டிருந்தால் வசதி.

16. வாசனைத் திரவியத்தில இதுக்கு என்ன வேலை? ரோஜாவுக்கு மலிவுப் பதில்தானா?

அப்படித் தொடங்கியது, அதோடு நிற்கவில்லை. ரோஜா எண்ணெயிலும் சிட்ரோனெல்லால், ஜெரானியால் இரண்டும் முக்கியம் என்பதால் ரோஜாக் கலவைக்கு உடல் கொடுக்க இது உதவுகிறது. ஆனால் ரோஜாவில் இல்லாத ஐசோமென்தோன் இதில் இருக்கிறது, அந்தப் புதினாக் குளிர்ச்சி அதிலிருந்துதான். லவண்டர், ஓக் பாசி, குமாரின் சேர்ந்த ஃபூழேர் என்ற ஆண்கள் வாசனைக் குடும்பத்தில் நடுவில் நிற்பது ஜெரேனியம். லவண்டரின் கூர்மையையும் அடியில் உள்ள பாசியின் கனத்தையும் அதுதான் இணைக்கிறது. இந்த எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் ரோடினால் என்ற பகுதியையும் வாசனை வல்லுநர்கள் தனியாக வாங்குகிறார்கள்.

17. சந்தனத்தோட சேர்த்து அத்தர் மாதிரி பண்ணணும். அளவு சொல்லுங்க.

10 மில்லி குப்பிக்கு: சந்தன எண்ணெய் 1 கிராம், ஜெரேனியம் 0.3 கிராம், வெட்டிவேர் எண்ணெய் 0.1 கிராம் (இந்தத் தீவிலேயே நல்லது கிடைக்கும்), பச்சௌலி 0.05 கிராம், மீதிக்கு ஜோஜோபா எண்ணெய். சொட்டுக் கணக்கு ஏமாற்றும். வெட்டிவேர் எண்ணெய் கெட்டி, அதன் சொட்டு பெரிது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வெட்டிவேரையும் சந்தனத்தையும் கலந்து ஒரு நாள் விடுங்கள், பிறகு பச்சௌலி, கடைசியில் ஜெரேனியம். கலந்த அன்று ஜெரேனியம் மட்டும்தான் கேட்கும். அதைப் பார்த்து சந்தனத்தைக் கூட்டாதீர்கள். இருட்டில் மூன்று வாரம் வைத்தபின் முகர்ந்து முடிவு செய்யுங்கள். ஜெரேனியத்தை 0.5 கிராமுக்கு மேல் ஏற்றினால் சந்தனம் அடங்கிப்போய், கலவை முழுக்க சோப்பு மணமாகிவிடும்.

18. தோல்ல நேரா தடவலாமா? தலைக்குத் தேங்கா எண்ணெயில?

நேராக வேண்டாம். உடம்புக்கு ஒரு சதவீதம் போதும்: 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 1 மில்லி, அதாவது ஏறக்குறைய 30 சொட்டு. முகத்துக்கும் தலைக்கும் அதில் பாதி. மலைப்பக்கக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் கலக்கவேண்டும், கொதிக்கும்போது விட்டால் மணம் அடுப்பங்கரைக்குத்தான் போகும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். ஜெரானியால் சிலருக்கு ஒவ்வாது. சிவந்து அரித்தால் அளவைக் குறைத்துப் பார்ப்பது தீர்வல்ல, நிறுத்திவிடவேண்டும்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பூனை, நாய் உள்ள வீட்டில் செடியும் எண்ணெயும் அவற்றுக்கு எட்டாமல் இருக்கட்டும்.

19. விளக்கு எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டா கோயில் பூரா மணக்குமா?

மணக்காது. திரியில் ஏறியது எரிந்து கரிப்புகையாகும். சாம்பிராணிக் கரியில் சொட்டுவதும் அப்படியே. பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுச் சன்னிதி ஓரமாக வைப்பதோ, அரைத்த சந்தனத்தில் ஒரு சொட்டு குழைப்பதோ அதைவிட நன்றாக மணக்கும். அந்தச் சந்தனத்தை நெற்றிக்கு இடுவதாக இருந்தால் ஒரு கைப்பிடி சந்தனத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் போகாதீர்கள்.

20. சிக்குன்குன்யா கொசுவுக்கு இது போதுமா?

போதாது. சிட்ரோனெல்லால், ஜெரானியால் இரண்டும் கொசுவை விரட்டும், உண்மைதான். ஆனால் ஆவியாகிப் போவதால் பலன் நீடிக்காது. 2005–06-இலும் 2025-இலும் இந்தத் தீவு பட்டபாட்டுக்குப் பிறகு இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் அங்கீகரித்த விரட்டி, கொசுவலை, பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுவது, இவைதான் காப்பு.

21. டீயில ஒரு சொட்டு விடலாமான்னு மாமி கேக்கறாங்க.

எண்ணெயை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சொட்டே பல கிராம் இலைக்குச் சமம், தண்ணீரில் கரையாமல் வாயைச் சுடும். மருந்து தெளிக்காத செடியாக இருந்தால் ஒரு இலையை வெந்நீரில் போட்டு எடுக்கலாம். இங்குள்ளவர்கள் கேக்கிலும், ஊறவைக்கும் ரம்மிலும் இலையைத்தான் போடுகிறார்கள். பாயசத்துக்கு ஏலக்காய்க்குப் பதிலாக ஒரு இலையைப் பாலில் காய்ச்சி எடுத்துவிட்டால் மிக நன்றாக இருக்கும்.

22. ஊட்டி, கொடைக்கானல் ஜெரேனியமும் இதே செடிதானா? இங்கேயிருந்து தண்டு கொண்டுபோய் வைக்கலாமா?

அதே கூட்டம்தான். தமிழ்நாட்டு மலைகளில் ஜெரேனியம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, ரெயூனியன் வகை என்றே ஒரு வகையும் அங்கே உண்டு. செடி ஒன்றானாலும் மண்ணும் குளிரும் காய்ச்சும் முறையும் மாறுவதால் எண்ணெய் மாறும். பாமரோசா எண்ணெயையும் சில வணிகர்கள் 'இந்திய ஜெரேனியம்' என்பார்கள். அது புல்லிலிருந்து வருவது, வேறு சரக்கு.

தண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் செடி கொண்டுபோவது சட்டப்படி தவறு. கேள்வி 7-இல் சொன்ன வாடல் நோய், நலமாகத் தோன்றும் தண்டிலும் ஒளிந்திருக்கும். ஒரு தண்டு ஒரு மலையின் உருளைக்கிழங்கு விவசாயத்தைக் கெடுக்க முடியும். எண்ணெயைக் கொண்டுபோகலாம்: கைப்பையில் என்றால் 100 மில்லிக்குள், மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, தனிப் பையில்.

23. எவ்வளவு நாள் கெடாம இருக்கும்?

பழுப்புக் கண்ணாடி, நிரம்பிய குப்பி, குளிர்ந்த இருட்டு: இந்த மூன்றும் இருந்தால் இரண்டு மூன்று வருடம். பாதி காலியான குப்பியில் காற்று நிறைந்திருக்கும். சின்னக் குப்பிக்கு மாற்றிவிடுங்கள். ரப்பர் தலை வைத்த சொட்டுக்குழாயோடு மூடி வைக்கவேண்டாம், காரணம் கேள்வி 11-இல் உள்ளது. பழையதாகி மணம் மட்கியதைத் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள். காற்றுபட்டு மாறிய லினலூல் ஒவ்வாமையை அதிகமாக்கும்.

24. வீட்டில சோப்பு பண்ணி விக்கறோம். இதைச் சேர்த்தா என்ன விதி?

தொழில்நுட்பமாகச் சோப்புக்கு ஏற்ற எண்ணெய். கார நீரில் ஃபார்மேட்டுகள் உடைந்தாலும் உடைந்தபின் கிடைப்பது அதே சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும்தான், ஆகவே ரோஜா நிற்கும், பச்சைச் சாயல் மட்டும் குறையும். ஒரு கிலோ கொழுப்புக்கு 20 முதல் 30 கிராம் சேர்க்கலாம்.

விற்பதாக இருந்தால் இங்கே ஐரோப்பிய அழகுப்பொருள் சட்டம் முழுமையாகப் பொருந்தும். பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையும் ஐரோப்பியத் தளத்தில் அறிவிப்பும் இல்லாமல் கோயில் திருவிழாக் கடையில்கூட விற்க முடியாது. கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும், தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்தையும் தாண்டும் ஒவ்வாமைப் பொருள்களை உறையில் எழுதவேண்டும். 2 சதவீதம் ஜெரேனியம் சேர்த்த சோப்பில் ஜெரானியால் மட்டுமே 0.3 சதவீதம் வரும். எனவே சிட்ரோனெல்லால், ஜெரானியால், லினலூல் மூன்றும் உறையில் இருந்தாக வேண்டும். 2023-இல் விரிவாக்கிய பட்டியலில் ஜெரேனியம் எண்ணெயே தனிப் பெயராக இடம்பெற்றிருக்கிறது. புதிய பொருள்களுக்கு அது 2026 ஜூலை 31 முதல், ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 முதல் கட்டாயம்.

25. அதே ஆள், அதே தோட்டம். போன தடவை மாதிரி இந்தத் தடவை மணக்கலயே, ஏமாத்தறாரா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். மழைக்காலத்து அறுவடைக்கும் குளிர்காலத்து அறுவடைக்கும் எண்ணெய் மாறும். இளம் இலை அதிகமா முதிர்ந்தது அதிகமா, அறுத்து எவ்வளவு நேரம் வாடியது, அன்றைய விறகு காய்ந்ததா ஈரமா, எல்லாமே மணத்தில் தெரியும். ஒவ்வொரு தொகுதியும் துளிகூட மாறாமல் மணக்கும் எண்ணெயைத்தான் சந்தேகிக்கவேண்டும். அது பெரும்பாலும் ஆலையில் கலந்து சமன் செய்தது.

சோப்போ அத்தரோ செய்து விற்கிறவர்களுக்கு இது தொல்லைதான். அதற்கு வழி: புதுத் தொகுதி வாங்கும்போது பழையதில் கால் பங்கையாவது மீதம் வைத்து, இரண்டையும் தாள் பட்டையில் பக்கத்தில் பக்கத்தில் முகர்ந்து, புதியதோடு பழையதைக் கலந்து ஒரு மாதம் வைத்துப் பயன்படுத்துவது. காய்ச்சுகிறவரிடம் எந்த மாதத்து அறுவடை என்று கேட்டுக் குப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தொகுதி கடந்தால், உங்கள் கலவைக்கு எந்தப் பருவத்து எண்ணெய் பொருந்தும் என்று நீங்களே கேட்டு வாங்கலாம்.